ஆள் மாறிப் போன மருந்துச் சீட்டு

சென்னையில் குடியிருக்கும் ஒரு சகோதரி எனக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருக்குச் சொந்த ஊர் காரைக்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும் பூர்வீக வீடு அங்கே பூட்டிக் கிடக்கிறதாம். கலியாணம், படைப்பு என்று வருஷத்துக்கு இரண்டு தடவை போய்த் திறப்பார்கள். மற்ற நாட்களில் பெருக்கி விளக்கேற்றுவது, ஊர்க்கோடியில் வசிக்கும் ஓர் அம்மாள்.

இந்தத் தடவை போனபோது அந்த அம்மாள் மூச்சு வாங்க வாங்கப் படியேறி வந்தாளாம். முகம் வெளுத்து, கால் வீங்கியிருந்தது. நம் சகோதரி நல்ல மனசுக்காரர். உடனே காரில் அழைத்துப் போய் டாக்டரிடம் காட்டியிருக்கிறார். டாக்டரம்மா பொறுமையாகப் பரிசோதித்து, "ரத்தம் ரொம்பக் குறைவு. மாத்திரை தருகிறேன். கீரை, முட்டை, பேரீச்சம்பழம் நிறையச் சாப்பிடு. தண்ணீரைக் காய்ச்சிக் குடி. கனம் தூக்காதே. ஒரு மாதம் ஓய்வு எடுத்துக்கொள்" என்று சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தாராம்.

திரும்பி வரும் வழியில் அந்த அம்மாள் சிரித்தாளாம். "ஏன் சிரிக்கிறாய்?" என்று கேட்டதற்கு, "டாக்டரம்மா சொன்னதெல்லாம் சரிதான் ஆச்சி. ஆனா இது உங்க வீட்டுக்கு எழுதின சீட்டு. ஆள் மாத்திக் குடுத்துட்டாக!" என்றாளாம்.

"அவள் சொன்னதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்" என்று கடிதம் முடிகிறது.

பத்துப் பன்னிரண்டு வார்த்தையில் அந்த அம்மாள் சொன்னதைப் பெரிய பெரிய நிபுணர்கள் தடித்தடியான புத்தகங்களில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே ஒரு குழுவை அமைத்து, 2008-இல் அறிக்கையும் வெளியிட்டது. மனிதன் பிறந்து வளர்ந்து, உழைத்து, வயோதிகம் அடைகிற நிலைமைகள்தான் அவன் ஆரோக்கியத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன என்பது அதன் சாரம். ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கும் முன்பே பாதி வியாதி தீர்மானமாகிவிடுகிறது!

டாக்டரம்மாவைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடத் தப்பில்லை. ஆனால் அந்தச் சீட்டைச் சற்று உற்றுப் பாருங்கள். முட்டைக்குக் காசு வேண்டும். தண்ணீர் காய்ச்ச விறகு வேண்டும், அல்லது சிலிண்டர் வேண்டும். அடுப்பைச் சர்க்கார் இலவசமாகக் கொடுத்தாலும், சிலிண்டரை நிரப்பும்போதெல்லாம் பணத்தை எண்ணிக் கொடுக்க வேண்டும். கனம் தூக்காமல் இருக்க, குடத்தைத் தூக்க வேறொருவர் வீட்டில் இருக்க வேண்டும். ஓய்வுக்கோ, ஒரு மாதக் கூலியை யாராவது தர வேண்டும். மருந்துக் கடையில் கிடைப்பது மாத்திரை ஒன்றுதான். மற்ற நான்கும் எந்தக் கடையில் கிடைக்கும்?

இந்த நான்கில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த வாரம் பேசலாம் என்று நினைக்கிறேன். செட்டிநாட்டைப் பற்றிப் பேச வந்துவிட்டுத் தண்ணீரை விட்டால் அது செட்டிநாடே இல்லை.

ஆறு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள அதிகமில்லாத வறண்ட செம்மண் சீமை அது. அதனால்தான் அங்கே வீடு கட்டினவர்கள் மழையை மகாலட்சுமியாக நினைத்துக் கட்டினார்கள். கூரையில் விழுந்த மழை வளவுக்குள் இறங்கும். அண்டாவிலும் கிடாரத்திலும் பிடித்தது போக மிச்சம் தெருக்கால் வழியாக ஊருணிக்குப் போகும். குடிக்க ஓர் ஊருணி, குளிக்க ஓர் ஊருணி என்று பிரித்து வைத்தார்கள். நாலு பக்கமும் செம்புறைக்கல் படி, நடுவில் கிணறு. கோடையில் ஊருணி வற்றினாலும் கிணற்றில் ஊறும். இன்றைக்கு 'மழை நீர் சேகரிப்பு' என்று நாம் மேடை போட்டுப் பேசுவதை, சத்தம் போடாமல் செய்து முடித்தவர்கள் அவர்கள். இதில் எனக்கு அளவில்லாத மரியாதை உண்டு.

1927 செப்டம்பரில் காந்தியடிகள் செட்டிநாட்டில் சுற்றுப்பயணம் செய்தார். பர்மாத் தேக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் சீமை நாற்காலிகளும் அடைத்துக் கிடந்த மாளிகைகளைப் பார்த்துவிட்டு, 'வீட்டை அலங்கரிக்கும் காண்டிராக்டை என்னிடம் கொடுங்கள். பத்தில் ஒரு பங்குச் செலவில் இதைவிட அதிக இடமும் நல்ல காற்றும் கிடைக்கும்படி செய்து தருகிறேன்' என்ற பொருளில் வேடிக்கையாகப் பேசினார். காற்றோட்டத்தைப் பற்றி யோசித்த மகாத்மாவும் ஒரு டாக்டர்தான்!

ஊருணி என்றால் ஊர் உண்ணும் நீர். வள்ளுவரே உலகம் விரும்பும் பேரறிவாளனின் செல்வத்துக்கு நிறைந்த ஊருணியைத்தான் உவமை சொன்னார். அழகான சொல். ஆனால் 'ஊர்' என்பது யார்? நம்முடைய கிராமங்களில் 'ஊர்' என்று ஒரு சொல் உண்டு. 'சேரி' என்று வேறொரு சொல்லும் உண்டு. ஊர் உண்ணும் நீர் என்றால், அந்த நாளில் சேரி உண்ணும் நீர் அல்ல. படிக்கட்டு நாலு பக்கமும் இருந்தது. இறங்கும் உரிமை நாலு பக்கத்தாருக்கும் இல்லை. பித்தளைக் குடத்தோடு ஒருத்தி இறங்கி மொண்டுகொண்டு போவாள். இன்னொருத்தி எட்டி நின்று, யாராவது மனமிரங்கி ஊற்றுவார்களா என்று காத்திருப்பாள். இல்லாவிட்டால் கண்மாய்ப் பள்ளத்தில் கலங்கிக் கிடப்பதை மொண்டு போவாள். இருவருக்கும் வியாதி ஒரே அளவில் வருமா?

காத்திருந்தவள் எந்தக் குடம் கொண்டுவரலாம் என்பதற்குக்கூடச் சட்டம் போட்டார்கள். கதையல்ல. 1930 டிசம்பரிலும் 1931 ஜூனிலும் அன்றைய இராமநாதபுரம் ஜில்லாவில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த தடைகளை, 1931 ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஹட்டன் துரை, இந்தியச் சாதிகளைப் பற்றிய தம் புத்தகத்தில் வரிசையாகக் கொடுத்திருக்கிறார். இன்றைய சிவகங்கை மாவட்டம் 1985 வரையில் அந்த ஜில்லாவில்தான் இருந்தது. தடைகளைக் கேளுங்கள்: பெண்கள் மண்பானையில்தான் தண்ணீர் எடுக்க வேண்டும், செம்பு, பித்தளை கூடாது. சும்மாட்டுக்கு வைக்கோல்தான், துணி கூடாது. ஆண்கள் செருப்புப் போடக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. பிள்ளைகள் படிக்கக் கூடாது.

இதைப் படித்தால் யாருக்கும் முதலில் கோபம்தான் வரும். அவமானப்படுத்துவதற்காகவே விதித்தவை என்று சொல்லத் தோன்றும். அது உண்மை. ஆனால் ஒரு வைத்தியரின் கண்ணால் இதே பட்டியலை மறுபடி படியுங்கள்.

செருப்புக் கூடாது. சகோதரிகளே, கொக்கிப்புழு என்று ஒன்று இருக்கிறது. அசுத்தமான மண்ணில் அதன் குஞ்சுகள் கிடக்கும். வெறுங்காலில் மிதித்தால் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், கடைசியில் குடலில் பல்லைப் பதித்து ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கும். வருஷக்கணக்காக! கால் மறைத்து ஒரு செருப்பு இருந்தால் பெரும்பாலும் தப்பலாம். அந்தச் செருப்பைத்தான் சாதியின் பெயரால் கழற்றச் சொன்னார்கள். பெண்ணுக்குத் தனியாக உத்தரவு போட வேண்டிய அவசியம்கூட இருந்திருக்காது; புருஷனுக்கே இல்லாத செருப்பு அவளுக்கு எங்கிருந்து வரும்? படிக்கக் கூடாது என்பதோ எல்லாவற்றுக்கும் மேல். தாய் படித்திருந்தால் குழந்தை பிழைக்கும் என்பது உலகம் முழுவதும் கண்ட உண்மை. இந்தத் தடைகள் வெறும் அவமானம் மட்டுமா? மெதுவாக வேலை செய்யும் விஷம் என்றே நான் சொல்வேன்.

1927 மார்ச்சில், காந்தியடிகள் செட்டிநாட்டுக்கு வருவதற்கு ஆறு மாதம் முன்பு, டாக்டர் அம்பேத்கர் மகாராஷ்டிரத்தில் மகாட் என்ற ஊரில் ஆயிரக்கணக்கான ஜனங்களை அழைத்துக்கொண்டு போய்ப் பொதுக்குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். ஒரு கைத் தண்ணீருக்கு அத்தனை பெரிய போராட்டமா என்று கேட்பவர்கள் உண்டு. குளத்தங்கரையில் குடத்தோடு காத்திருந்தவள் கேட்க மாட்டாள்.

சரி, பழைய கதை போதும். தண்ணீரைச் சரி செய்தால் வியாதி போகும் என்பதற்கு அத்தாட்சி உண்டா என்று கேட்பீர்கள். உண்டு! என் மனசுக்கு மிகவும் பிடித்த அத்தாட்சி.

உங்கள் பாட்டிமார்களைக் கேட்டுப் பாருங்கள். 'நரம்புச் சிலந்தி' என்று சொன்னால் அவர்களுக்கு உடம்பு நடுங்கும். தமிழ்நாட்டின் வறண்ட பிரதேசங்களில், படியிறங்கித் தண்ணீர் மொள்ளும் கிணறும் குளமும் இருந்த இடங்களில் அது ராஜ்யம் நடத்தியது. தண்ணீரில் சைக்ளாப்ஸ் என்று ஒரு பொடிப் பூச்சி. அதன் வயிற்றுக்குள் இந்தப் புழுவின் குஞ்சு. தண்ணீரோடு உள்ளே போனால் ஏறக்குறைய ஒரு வருஷம் ஒன்றும் தெரியாது. பிறகு ஒருநாள் காலில் நெருப்புச் சுட்டாற்போல் ஒரு கொப்புளம். அது உடைந்தால் வெள்ளை நூல் மாதிரி ஒரு புழு எட்டிப் பார்க்கும். நீளம் கேட்டால் நம்ப மாட்டீர்கள் — ஒரு மீட்டர் வரை! அவசரப்பட்டு இழுத்தால் அறுந்துபோகும், சீழ் பிடிக்கும். ஆகவே ஒரு சின்னக் குச்சியில் சுற்றி, தினம் கொஞ்சம் கொஞ்சமாக, வாரக்கணக்கில் உருவ வேண்டும். அதுவரையில் நடவுக்குப் போக முடியாது, அடுப்பங்கரைக்கும் போக முடியாது.

எரிச்சல் தாங்காமல் நோயாளி என்ன செய்வாள்? காலைத் தண்ணீரில் வைப்பாள். அதற்காகவே காத்திருக்கும் புழு, லட்சக்கணக்கான குஞ்சுகளை அந்தத் தண்ணீரிலேயே விட்டுவிடும். மறுநாள் அதே தண்ணீரை வேறொருத்தி மொண்டு போவாள்.

இந்த வியாதிக்குத் தடுப்பூசி கிடையாது. தீர்க்கும் மருந்தும் கிடையாது. இன்றைக்கும் கிடையாது! இந்தியாவில் 1984-இல் சுமார் 40,000 பேர் இதனால் அவதிப்பட்டார்கள். அதற்குச் சற்று முன்பு ஒரு தேசியத் திட்டம் ஆரம்பித்திருந்தார்கள். என்ன செய்தார்கள் தெரியுமா? படிக்கிணறுகளின் படியை அடைத்து, சுற்றிச் சுவர் எழுப்பி, வாளியில் இறைக்கிற கிணறாக மாற்றினார்கள். கைப்பம்பு போட்டார்கள். குடத்தின் வாயில் நெருக்கமாக நெய்த துணியைக் கட்டி வடிகட்டச் சொல்லிக் கொடுத்தார்கள். பூச்சியைக் கொல்லச் சிறிது மருந்தைத் தண்ணீரில் தெளித்தார்கள். தமிழ்நாடு முன்னதாகவே விடுதலை பெற்றுவிட்டது. நாட்டின் கடைசி நோயாளி 1996 ஜூலையில் ராஜஸ்தானத்தில். 2000 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம், 'இந்தியாவில் நரம்புச் சிலந்தி இல்லை' என்று சான்று கொடுத்தது.

ஒரு துண்டுத் துணியும், ஒரு கிணற்றுச் சுவரும்! கொத்தனாரும் வீட்டுப் பெண்மணியும் சேர்ந்து, டாக்டரால் முடியாததைச் செய்துவிட்டார்கள். மற்றொரு விஷயமும் கவனியுங்கள். அந்தப் புழுவுக்கு ஊர், சேரி என்ற பேதம் தெரியாது. சேரிக் கிணற்றை விட்டுவிட்டு ஊர்க் கிணற்றுக்கு மட்டும் சுவர் கட்டியிருந்தால் வியாதி ஒழிந்திருக்காது. எல்லோருக்கும் நல்ல தண்ணீர் கொடுத்ததால்தான் எல்லோரும் பிழைத்தார்கள்.

இன்றைக்குத் திருச்சிப் பக்கத்திலிருந்து காவிரித் தண்ணீர் குழாய் வழியாக சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கு வருகிறது. காரைக்குடி நகரத்தாருக்குச் சம்பை ஊற்றுத் தண்ணீர் இருக்கிறது. அதன் ருசியைப் பற்றி ஒரு காரைக்குடிக்காரரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், லேசில் விட மாட்டார்! ஊருக்கு ஊர் மேல்நிலைத் தொட்டி நிற்கிறது. இதெல்லாம் சாமானிய சாதனை அல்ல. அந்த நாளில் படியோரம் காத்திருந்தவளின் பேத்தி இன்று தன் வீட்டு வாசல் குழாயில் பிடிக்கிறாள்.

ஆனால் படிக்கட்டு முற்றிலும் போய்விட்டதா? செட்டிநாட்டை ஒட்டியிருப்பது புதுக்கோட்டை ஜில்லா. 2022 டிசம்பரில் அங்கே வேங்கைவயல் என்ற சின்னக் கிராமத்தில், தாழ்த்தப்பட்டவர்கள் குடியிருக்கும் தெருவில், குழந்தைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தது. குடிதண்ணீரைச் சோதிக்கச் சொல்லி வைத்தியர்கள் சொன்னார்கள். தொட்டிமேல் ஏறிப் பார்த்தால், உள்ளே மனித மலம். யார் செய்தது என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். நான் அதற்குள் போகவில்லை. விசாரிக்கப் போன அதிகாரிகள் அங்கே இன்னும் இரண்டைக் கண்டார்கள்: டீக்கடையில் தாழ்த்தப்பட்டவர்களுக்குத் தனித் தம்ளர், கோயிலுக்குள் அவர்களுக்கு அனுமதி இல்லை. வயிற்றுப்போக்குக்கு மாத்திரை கொடுத்த டாக்டர், தனித் தம்ளருக்கு என்ன மாத்திரை கொடுப்பார்?

அதே புதுக்கோட்டையில் மனசு குளிர ஒரு விஷயமும் நடந்திருக்கிறது. 1991-இல் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் விடக் கற்றுக் கொடுத்தது. கல்குவாரியில் வேலை செய்தவர்கள், வயல்வேலைக்காரிகள், அங்கன்வாடி ஆயாக்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். சிரித்தவர்கள் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் தலைக்கும் இடுப்புக்கும் இருந்த குடங்கள் சைக்கிளின் பின்னால் போயின. அந்தப் பெண்களின் முதுகெலும்புக்கு எந்த எலும்பு டாக்டரும் செய்யாத உபகாரத்தை இரண்டு சக்கரம் செய்துவிட்டது. 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இதையும் நான் வைத்தியத்தில்தான் சேர்ப்பேன். 'பஸ்ஸுக்குக் காசு வேணுமே' என்று ஆஸ்பத்திரிக்குப் போவதை ஒத்திப்போட்ட பெண்கள் எத்தனை பேர்!

இப்போது கடிதம் எழுதிய சகோதரிக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 வயதிலிருந்து 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. குழந்தை மரணத்தை இந்தியாவிலேயே மிகவும் குறைத்துக் காட்டிய மாநிலங்களில் ஒன்று நம்முடையது. இருந்தும் தாய்மார்களில் பாதிப் பேர் வெளுத்துக் கிடக்கிறார்கள். நகரத்துச் சகோதரிகள் 'ஐயோ பாவம், கிராமம்' என்று சொல்ல வேண்டாம். கணக்கில் நீங்களும் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு அடிச்சட்டியைச் சுரண்டிச் சாப்பிடும் வழக்கம் மாடிவீட்டிலும் இருக்கிறது. வித்தியாசம் என்னவென்றால், உங்கள் அடிச்சட்டியில் ஏதாவது மிச்சம் இருக்கும்.

அந்த அம்மாளுக்குச் சில யோசனைகள் சொல்கிறேன். சத்து மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். அதை டீயோடும் காப்பியோடும் விழுங்கினால் பிரயோஜனம் பாதியாகிவிடும். எலுமிச்சம்பழச் சாறு கலந்த தண்ணீர் நல்லது. பூச்சி மாத்திரை கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் இந்தப் பக்கம் ரத்தம் ஊறும், அந்தப் பக்கம் புழு குடிக்கும். பேரீச்சம்பழம் வாங்க முடியாவிட்டால் வேலியோரத்து முருங்கைக்கீரை போதும். செட்டிநாட்டில் முருங்கைக்குப் பஞ்சமில்லை. காலுக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் கொடுங்கள். உங்கள் வீட்டு வளவுக்குள்ளும் அதைப் போட்டுக்கொண்டு நடக்கட்டும். (பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்!) கால் வீக்கமும் மூச்சு வாங்குவதும் குறையாவிட்டால், திரும்ப டாக்டரிடம் போகத் தாமதிக்கக் கூடாது.

இவை சின்ன யோசனைகள். பெரியது ஒன்று உண்டு. ஓய்வு எடுக்கச் சொன்ன அந்த ஒரு மாதத்துக்குச் சம்பளத்தை நீங்கள் பிடிக்காமல் கொடுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற நாளுக்கும் கூலி உண்டு என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பூட்டிய வீட்டில் ஒரு மாதம் விளக்கேற்றாவிட்டால் எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ளாது. டாக்டர் சீட்டில் 'ஓய்வு' என்று எழுதலாம். அதை மருந்தாக்கிக் கொடுக்க வேண்டியவர் எஜமானி. சென்னையில் உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிறவளுக்கும் இதே கணக்குத்தான் என்பதைச் சொல்ல வேண்டியதில்லையே?

அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது இன்னொரு காரியமும் செய்யுங்கள். ஊர்க்கோடி வரை நடந்து போய், அந்த அம்மாள் தெருவுக்குத் தண்ணீர் வரும் மேல்நிலைத் தொட்டியைப் பாருங்கள். தொட்டியைக் கழுவிய தேதியைப் பெயிண்டில் எழுதி வைப்பது வழக்கம். பிறகு உங்கள் தெருத் தொட்டியையும் பாருங்கள். இரண்டு தேதிகளும் ஒன்றாக இருக்கின்றனவா? வித்தியாசம் இருந்தால், கிராமசபை கூடுகிற நாளில் அந்த அம்மாள் எழுந்து கேட்கட்டும். வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது. நீங்கள் அன்று ஊரில் இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள். இரண்டு தேதிகளையும் எனக்கு எழுதி அனுப்புங்கள். இதே பக்கத்தில் பிரசுரிக்கிறேன்.